துப்பாக்கியும் எடுக்கத் தெரிந்த ஹேக்கர்

குன்னூர், கோத்தகிரி பக்கம் விடுதிகளுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் தொழில். மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்ட மாலைகளில் இங்குள்ள கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘சைபர்பங்க் ரெட்’ ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம் அது. காகிதம், பென்சில், பத்து முகப் பகடை, ஆறு முகப் பகடை இருந்தால் போதும். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான்.

ஹேக்கராக ஆட வரும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, மூளைக்கு எட்டு பாயின்ட் வெச்சிடலாமா?” வேண்டாம் தம்பி. இந்த ஆட்டத்தில் நெட்ரன்னர் (ஹேக்கருக்கு இங்கே அதுதான் பெயர்) சிஸ்டத்துக்குள் புகும்போது போடுவது இன்டர்ஃபேஸ் ரேங்க் என்ற ஹேக்கிங் நிலையோடு ஒரு பகடை, அவ்வளவுதான். அறிவுத்திறன் எண் அந்தக் கணக்கிலேயே வராது. அங்கே கொட்டிய பாயின்ட் முதல் சண்டையிலேயே உங்களைக் காப்பாற்றாமல் போகும்.

2020-ல் ஆர். டால்சோரியன் கேம்ஸ் வெளியிட்ட இந்தப் பதிப்பில், கதைப்படி உலகளாவிய வலை சிதைந்துபோயிருக்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி வலை. அதற்குள் போக வேண்டுமென்றால் அதன் நுழைவிடமான ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து 6 மீட்டருக்குள் நெட்ரன்னர் உடம்போடு நிற்க வேண்டும். வேனில் உட்கார்ந்துகொண்டு, “நீங்க உள்ளே போங்க, நான் இங்கிருந்தே பார்த்துக்கறேன்” என்று சொல்லும் வசதி கிடையாது. குண்டு பறக்கும் அறையில்தான் வேலை. சண்டை தெரியாத ஹேக்கர் கூட்டாளிகளுக்குச் சுமையாகிவிடுவது இதனால்தான்.

பாயின்ட்டுகளை நீங்களே பங்கிடும் முறையில் 10 குணங்களுக்குச் சேர்த்து 62 கிடைக்கும். ஒவ்வொன்றும் 2-லிருந்து 8 வரை. நான் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்கும் கணக்கு இது: அனிச்சைத் திறன் 8, சுறுசுறுப்பு 7, உடல் 7, மனவுறுதி 7, பரிவு 7, நகர்வு 6, மற்ற நான்குக்கும் ஐந்தைந்து. அனிச்சைத் திறன் 8 இருந்தால்தான் துப்பாக்கிக் குண்டை விலகித் தப்பிக்க முயல முடியும். ஏழு என்றால் அந்த உரிமையே இல்லை. இந்த ஒரு புள்ளியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். உடலும் மனவுறுதியும் ஏழேழு என்றால் உயிர்ப்புள்ளி 45. கைத்துப்பாக்கிக்கு 6, விலகலுக்கு 6 என்று தொடக்கத்திலேயே உச்சத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

பரிவுக்கு எதற்கு ஏழு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஹேக் செய்யும் கருவியான சைபர்டெக்கை இணைக்க நியூரல் லிங்க்கும் இன்டர்ஃபேஸ் பிளக்கும் உடம்பில் பொருத்தியாக வேண்டும். ஒவ்வொன்றும் மனிதத்தன்மையில் (பரிவைப் போல் பத்து மடங்கு எண் அது) 7 தின்னும். 70-ல் தொடங்கியவர் 56-க்கு வந்துவிடுவார், பரிவு ஐந்தாகக் குறையும். குறைவாக வைத்துத் தொடங்கினால் அப்புறம் வேறு உறுப்பு எதையும் பொருத்த இடமிருக்காது.

கவசத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். லைட் ஆர்மர்ஜாக் என்ற இலகு கவசம் விழும் அடியில் 11 தடுக்கும், தண்டம் ஏதும் கிடையாது. மீடியம் 12 தடுக்கும். ஆனால் அனிச்சை, சுறுசுறுப்பு, நகர்வு மூன்றிலும் இரண்டிரண்டு போய்விடும். ஒரே ஒரு புள்ளிப் பாதுகாப்புக்காக எட்டை ஆறாக்கிக்கொண்டு, குண்டை விலகும் உரிமையை இழப்பார்களா? லைட் போதும்.

உங்கள் முறை வரும்போது என்ன செய்வது என்பதில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது. நகரலாம். அதோடு சுடலாம், இல்லையென்றால் வலைக்குள் வேலை பார்க்கலாம். சுடுவதும் வலை வேலையும் சேர்ந்து நடக்காது. தொடக்க ரேங்க் 4-க்கு ஒரு முறையில் மூன்று வலைச் செயல்கள். ஆகவே முதலில் ஒரு மறைப்புக்குப் பின்னால் பதுங்குங்கள், மூன்று செயலில் கேமராவையோ கதவையோ கைப்பற்றுங்கள், எதிரி மறைப்பைச் சுற்றி வந்தால் அடுத்த முறை துப்பாக்கி. ஹெல்ஹவுண்ட் மாதிரி பிளாக் ஐஸ் (வலையைக் காவல் காக்கும் தாக்குதல் நிரல்) கடித்தால் அடி நேரே மூளைக்குப் போகும், கவசம் தடுக்காது. போட்டிருக்கும் உடையிலும் தீப்பிடிக்கும். அதை அணைக்க ஒரு முறை செலவாகும். பயந்து 6 மீட்டரைத் தாண்டி ஓடினீர்களோ, நீங்கள் எதிர்கொண்டு அழிக்காமல் விட்ட அத்தனை பிளாக் ஐஸின் அடியும் மொத்தமாக விழும். உயிர்ப்புள்ளி 45 வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இங்கேதான் புரியும்.

இந்த 6 மீட்டர் விதியை விடுதிக்காரர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து வரும் தாக்குதல்கள் நிறைய, அதில் சந்தேகமில்லை. ஆனால் மலையில் நான் பழுதுபார்க்கப் போகும் இடங்களில் கண்ணுக்கு முன்னால் கிடப்பது வேறு. வரவேற்பு மேசைக்கு அடியில் ரவுட்டர். கீழே ஒட்டிய ஸ்டிக்கரில் கம்பெனி போட்ட அதே பாஸ்வேர்ட். பக்கத்தில் கேமராப் பதிவுப் பெட்டி, பில் போடும் கம்ப்யூட்டர், விருந்தினரின் போன் எல்லாம் ஒரே வலையில். மே மாத சீசனில் அறை நிரம்பி வழியும்போது வைஃபை பாஸ்வேர்டை லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிடுகிறார்கள். காபி வரும்வரை சோபாவில் காத்திருக்கும் எவரும் அந்த 6 மீட்டருக்குள்தான் இருக்கிறார்.

ரவுட்டரைப் பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள். விருந்தினருக்கெனத் தனி வலை பிரித்துக்கொடுங்கள். இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இருக்கிறது. பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். பயன்படாத லேன் பாயின்ட்டை ஸ்விட்சிலிருந்து கழற்றிவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

பெற்றோருக்கு: பகடை உருட்டி ஹேக்கராக நடிக்கும் பிள்ளை குற்றவாளி ஆகிவிடுவதில்லை. எங்கள் மேசையில் பிள்ளைகள் திட்டம் போடவும், பொறுக்கவும், பின்வாங்கவும் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் ஒரு விஷயத்தை மட்டும் கறாராகச் சொல்லிவைக்கிறேன். ஆட்டத்தில் கதவைத் திறப்பது வேறு. பக்கத்து வீட்டு வைஃபையில் அனுமதியில்லாமல் நுழைவது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு அதற்கு நஷ்டஈடு கேட்கும். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆசை இருந்தால் உங்கள் சொந்தச் சாதனத்தில் செய்து பாருங்கள். இணையத்தோடு இணைக்காத பழைய ரவுட்டர், பழைய மடிக்கணினி, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். இடம் மாற்றும்போது விடுதிக்காரர்கள் வேண்டாமென்று விட்ட ரவுட்டர்கள் என் கடைப் பரணில் நிறையக் கிடக்கின்றன. வந்து கேளுங்கள், தருகிறேன்.