முதலை வாலும் மலைக்காற்றும்

டிசம்பர் பிறந்ததும் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் உருவங்கள் வந்து உட்கார்ந்துவிடும். வருடம் முழுவதும் கிடைக்கும் முதலை வடிவக் கிம்புலா பணிஸ் நத்தாருக்கு இன்னும் பெரிதாக, முதுகில் செதிலும் முகத்தில் கண்ணுமாக வருகிறது. பக்கத்தில் பின்னல் வளையம், எட்டு முனை நட்சத்திரம், சுருண்டு படுத்த பூனைக்குட்டி. இந்த உருவங்களை வீட்டில் செய்துபார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். தட்டில் வைக்கும்போது முதலையாக இருந்தது, போறணையிலிருந்து வரும்போது வெறும் உருளையாக வந்து நிற்கும். செதில்கள் மூடிக்கொள்ளும், வால் கருகும், கண் கழன்று விழும்.

எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் ஆனது. கை சரியில்லை என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊர் பேக்கரியில் இருபது வருடமாகப் பாண் போடும் அண்ணன் ஒருவரிடம் போய் நின்றபோது, அவர் என் கையைப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த மா உருண்டையை நீளமாக உருட்டினார். ஒரு சாண் நீளம் உருண்ட மா, அவர் கையை எடுத்ததும் பாதியாகச் சுருங்கியது. "தம்பி, மா இன்னும் கோபமாக இருக்கிறது. கொஞ்சம் ஆறட்டும்" என்றார். ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி உருட்டினார். நீண்டது நீண்டபடியே கிடந்தது.

அந்தக் கோபத்துக்கு அறிவியலில் ஒரு பெயர் உண்டு: குளூட்டன். கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டு, கையால் பிசைபடும்போது இவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு வலையாகின்றன. குளூட்டெனின் அந்த வலைக்கு றப்பர் போன்ற மீள்தன்மையைத் தருகிறது. இழுத்தால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கிளையடின் இழுத்த பக்கம் நெகிழ்ந்து கொடுக்கும். பிசைந்து முடித்த உடனே வலை முறுக்கேறி நிற்கிறது. ஆறவிட்டால் அதன் பிணைப்புகள் சில தளர்ந்து, புதிய நிலையில் மறுபடி பிணைந்துகொள்கின்றன. கொத்து ரொட்டிக் கடையில் வீச்சு ரொட்டிக்கான உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போட்டு வைப்பதும் இதற்காகத்தான். ஊறாத உருண்டையை வீசினால் கிழியும். கோதுமை ரொட்டி தட்டி வளர்ந்த தோட்டத்து வீடுகளில் இந்தப் பாடம் பெயரில்லாமல் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது.

ஆகவே உருவப் பாணில் கை செய்யும் வேலை பாதிதான். மீதிப் பாதி ஓர் இழுபறி. வலை உள்ளே இழுக்கிறது, வாயு வெளியே தள்ளுகிறது. இரண்டும் எந்த இடத்தில் சமமாகின்றனவோ அதுதான் நாம் காணும் முதலை. மலையில் இந்த இழுபறியின் கணக்கு கொழும்பில் இருப்பது போல இருப்பதில்லை.

வாயுவைத் தருவது ஈஸ்ட், நம் பாடப்புத்தகங்கள் மதுவம் என்று சொல்லும் ஒற்றைக்கல உயிர். மாவிலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெட்டிச் சர்க்கரையாக்கித் தர, ஈஸ்ட் அதை உண்டு காபனீரொட்சைட்டையும் அற்ககோலையும் விடுகிறது. இதன் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குறைந்தால் வேகம் பாதியாகிவிடும். கொழும்புச் சமையலறையில் 28 பாகையில் ஒரு மணி நேரத்தில் பொங்கும் மா, நுவரெலியாவில் டிசம்பர் மாதத்துப் பகலில் 18 பாகையில் இரண்டு மணி நேரம் கேட்கும். இரவில் குளிர் 10 பாகைக்கு இறங்கும்போது விடியும்வரை கிடக்கும்.

இது குளிரின் கணக்கு. உயரத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். மேலிருந்து அமுக்கும் கை தளர்ந்தால் உள்ளே இருக்கும் வாயு விரியும். அதே அளவு காபனீரொட்சைட்டு இங்கே கால் பங்கு கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது. குளிர் மாவைத் தூங்கவைக்கிறது, மெல்லிய காற்று அதை ஊதிவிடுகிறது.

உயரமான இடங்களில் ஈஸ்டைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று வெளிநாட்டுச் செய்முறைகளில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது வீட்டுக்குள் வெப்பமூட்டி வைத்திருப்பவர்களுக்கான அறிவுரை. நம் லயத்து வீடுகளிலும் தோட்டத்துக் குடியிருப்புகளிலும் அப்படி எதுவும் இல்லை. குளிரே ஈஸ்டின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நாமும் சேர்ந்து குறைத்தால் மா எழவே எழாது. மிலாறு எரியும் அடுப்பின் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக் கம்பளி போர்த்திப் பொங்கவிடுபவர்கள் மட்டும் ஈஸ்டைக் குறைத்தால் போதும். நேரம் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை குளிர்வழிதான். மெதுவாகப் பொங்கும் மாவில் அமிலங்களும் வாசனைப் பொருட்களும் சேர அவகாசம் கிடைக்கிறது. இரவு பிசைந்து விடியற்காலை எடுத்த பாணின் மணம், ஒரு மணி நேரத்தில் அவசரமாக எழுப்பிய பாணுக்கு வராது.

நான் இப்போது பிடிக்கும் அளவு இது: 500 கிராம் கோதுமை மா, 220 மில்லிலீட்டர் பால், ஒரு முட்டை, 60 கிராம் சீனி, 50 கிராம் பட்டர், 7 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு சிறுகரண்டி நிறைய உப்பு. வழக்கமான பாணைவிட இறுக்கமான மா. தண்ணீர் கூடினால் மா தன் பாரத்திலேயே படர்ந்து, செதில் வெட்டிய அடையாளமே இல்லாமல் போகும். மூடுபனி இறங்கிய நாட்களில் மா காற்றின் ஈரத்தையும் கொஞ்சம் குடித்திருக்கும். ஆகையால் பாலில் இரண்டு கரண்டியை நிறுத்திவைத்துப் பிசைந்துபார்த்த பிறகு சேர்ப்பது நல்லது.

பாலைக் காய்ச்சாமல் சேர்க்கக் கூடாது. மலைநாட்டில் கறந்த பால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பச்சைப் பாலின் மோர்ப் புரதங்கள் குளூட்டன் வலையைத் தளர்த்திவிடும். கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து ஆறவைத்தால் அந்தக் குணம் போய்விடும். கறுவாவையும் மாவோடு சேர்த்துப் பிசையாதீர்கள். கறுவாவின் மணத்துக்குக் காரணமான சினமல்டிகைட்டு நுண்ணுயிர்களை அடக்கும் பொருள், ஈஸ்டும் நுண்ணுயிர்தான். கறுவாத் தூளைச் சீனியோடு கலந்து மடிப்புகளுக்கு இடையே தூவினால், மணமும் கிடைக்கும், ஈஸ்டும் பிழைக்கும். சீனியைக் கொட்டுவதிலும் நிதானம் வேண்டும். சீனி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட் கலங்கள் தாகத்தில் தவித்து மந்தமாகிவிடும்.

பட்டரின் கதை கொஞ்சம் நீளமானது. கொழுப்பு குளூட்டன் இழைகளைப் பூசிக்கொண்டு அவை நீளமாக இணைவதைத் தடுக்கிறது. பாண் மிருதுவாகிறது, அதே வேளையில் உருவம் தாங்கும் பலம் குறைகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து நத்தார் பாணான ஸ்டோலன் இதற்குச் சாட்சி. நத்தாருக்கு முந்திய திருவருகைக்கால நோன்பில் பட்டர் விலக்கப்பட்டிருந்ததால், பழைய நாட்களில் அதை எண்ணெய் விட்டு வறட்சியாகச் செய்தார்கள். 1491-இல் பாப்பரசர் எட்டாம் இன்னசென்ட் பட்டருக்கு அனுமதி தந்தார். இன்று பட்டரும் உலர்பழங்களும் நிறைந்த அந்த மாவில் செதிலும் காதும் செதுக்க முடியாது. ஒரே ஒரு மடிப்பு மடித்து வெள்ளைச் சீனித் தூள் போர்த்துகிறார்கள். துணியில் சுற்றிய பாலன் இயேசு என்று அந்த மடிப்பைச் சொல்வார்கள். நம் நாட்டுப் பறங்கியர் ஒல்லாந்தரிடமிருந்து பெற்று நத்தார் காலையில் உண்ணும் புரூடர் வேறு வழியில் போகிறது. பட்டரும் முட்டையும் சேர்ந்த இளகிய மாவை வரிவரியான உலோக அச்சில் ஊற்றிவிடுகிறார்கள். வலை தாங்க மாட்டாத உருவத்தை அச்சு தாங்குகிறது. பாண், போறணை, நத்தார் என்ற மூன்று சொற்களும் போர்த்துக்கீசியம் கொடுத்துப்போனவை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம்.

இனி முதலை. உருண்டையை முக்கோணமாகத் தட்டி, அகன்ற பக்கத்திலிருந்து கூர் முனையை நோக்கிச் சுருட்ட வேண்டும். சுருட்டும்போது மேல்தோல் மெதுவாக இறுகுவது கைக்குத் தெரியும். மேளத்தோல் போல ஒரு விறைப்பு. இதுதான் உயிர்நாடி. இந்த இழுவிசை இருந்தால்தான் பாண் பக்கவாட்டில் படராமல் மேல்நோக்கி எழும். சுருட்டிய ஓரம் அடியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சூட்டில் அது பிளந்து வாயாகிவிடும். செதிலை முதலிலேயே வெட்டிவிட்டால், உருவம் பிடித்த பிறகு மா மறுபடி எழும் இரண்டாம் பொங்கலில் மூடிக்கொள்ளும். போறணைக்குள் போகும் நிமிடத்தில், கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து, ஆழமாக வெட்ட வேண்டும். இறுகிய தோலை வெட்டியதும் இரு பக்கமும் விலகிக் கூர் தானாக நிமிர்கிறது. செதிலை நிமிர்த்துவது அந்த இழுவிசைதான். கண்ணுக்கு வைக்கும் முந்திரிகை வற்றலை மேலே ஒட்டிவைக்காமல் அடித்தட்டைத் தொடும்வரை குத்தி இறக்குங்கள். பாதி உயரத்தில் நின்றால், கீழிருந்து பொங்கும் மா அதைத் தள்ளி வெளியே போட்டுவிடும்.

வால் கருகுவதற்குக் காரணம் எளிது. மெல்லிய இடத்தில் கன அளவு குறைவு, சூடு வாங்கும் பரப்பு அதிகம். வாலை உடம்பை ஒட்டிச் சுருட்டிவைத்தால் தீரும். சுவீடனில் டிசம்பர் 13, புனித லூசியா நாளில், குங்குமப்பூ சேர்த்துச் செய்யும் பாணின் இரு நுனிகளும் எதிரெதிராகச் சுருண்டிருப்பதைப் படத்தில் பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. சுருண்ட வாலுக்கு வெளிநுனி என்று ஒன்று இல்லை. எல்லா இடமும் ஒரே தடிப்பில் ஒன்றாக வேகும்.

இரண்டாம் பொங்கலை எப்போது நிறுத்துவது என்பதில்தான் மலைநாட்டுக்காரர் விழிப்பாக இருக்க வேண்டும். இரு மடங்கு ஆகட்டும் என்பது பொதுவான பேச்சு. உருவப் பாணுக்கு, அதுவும் இந்த உயரத்தில், ஒன்றரை மடங்கே போதும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, முழுதும் நிரம்பாமல் எழ வேண்டும். குழி அப்படியே நின்றால் வலை களைத்துவிட்டது என்று அர்த்தம். போறணைச் சூட்டில் வாயு விரியும்போது தாங்காமல் அமுங்கிவிடும்.

போறணைக்குள் நடப்பது வேகமான நாடகம். முதல் சில நிமிடங்களில் ஈஸ்ட் கடைசி மூச்சாக வேகமெடுக்கிறது. மாவின் ஈரத்தில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு சூட்டில் வெளியேறுகிறது, அற்ககோல் ஆவியாகிறது, குமிழிகள் விரிகின்றன. பாண் கண்ணெதிரே எழும். 60 பாகைக்குள் ஈஸ்ட் இறந்துவிடும். அதையொட்டி மாப்பொருள் தண்ணீரைக் குடித்துக் கூழாகிக் கெட்டிப்படும். 70, 80 பாகையில் குளூட்டன் வெந்து இறுகும். அதற்குப் பிறகு முதலை முதலைதான், மாற முடியாது. விறகுப் போறணைகளில் நெருப்பை வாரி எடுத்துவிட்டு, செங்கல் சேமித்த சூட்டில் பாணை வைத்து வாயை அடைப்பார்கள். பாணிலிருந்து கிளம்பும் நீராவியே உள்ளே தங்கி மேல்தோலை ஈரமாக வைத்திருப்பதால், தோல் முந்திக்கொண்டு இறுகாமல் பாண் முழுதாக எழ முடிகிறது. வீட்டு மின்போறணையில் அடித்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீர் வைத்தால் ஓரளவு அதே பயன்.

நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 94 பாகையில். பாணின் உட்பகுதி ஈரமாக இருக்கும்வரை அதற்கு மேல் சூடேறாது. வெப்பமானி குத்தி 96 பாகை வரும்வரை காத்திருந்தால் பாண் காய்ந்துபோகும். இங்கே 90 பாகையே வெந்ததற்கு அடையாளம். ஈரம் சீக்கிரம் ஆவியாவதால் சூட்டைச் சற்றுக் கூட்டி, நேரத்தைச் சற்றுக் குறைக்கிறேன். மேல்தோல் பொன்னிறமாவது வேறு வேலை. ஈரம் போன தோல் 140 பாகையைத் தொடும்போது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையார்ட் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. முட்டையும் பாலும் அடித்துப் பூசுவது, இந்த வினைக்கு வேண்டிய இரண்டையும் தோலில் கொண்டுபோய் வைப்பதுதான்.

இன்னொன்றும் மலைக்கே உரியது. பாண் காய்ந்து இறுகுவதற்கு ஈரம் போவது மட்டும் காரணம் இல்லை. கூழான மாப்பொருள் மறுபடி படிகமாவதே முக்கிய காரணம், குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் அது மிக விரைவாக நடக்கும். எங்கள் ஊர் டிசம்பர் இரவு அந்தக் குளிருக்கு அதிக தூரத்தில் இல்லை. மாலை சுட்ட முதலை, நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வருவதற்குள் விறைத்திருக்கும். அதைக் கெட்டுப்போனதாக எண்ண வேண்டியதில்லை. 60 பாகைக்கு மேல் சூடு பட்டால் அந்தப் படிகங்கள் மறுபடி இளகிவிடும். மேலே இரண்டு துளி தண்ணீர் தெளித்து, மூடிய சட்டியில் அடுப்புத் தணலில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். கோயிலிலிருந்து குளிரில் கை தேய்த்துக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள் மூடியைத் திறந்ததும் வாலுக்குத்தான் முதலில் சண்டை போடுவார்கள்.