ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழி

கிருஷ்ணகிரியில் லேபிள் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டிசைன் பண்ணும் கம்ப்யூட்டரில் விண்டோஸ். பழைய ஃபைல்கள் கிடக்கும் கம்ப்யூட்டரில் அக்கா மகன் லினக்ஸ் போட்டுவிட்டான். ரெண்டுக்கும் டிஸ்க் அமைப்பே வேறயாமே? அப்புறம் எப்படி அங்கே இருக்கும் மாம்பழக்கூழ் டப்பா லேபிளை இங்கே திறக்க முடிகிறது?"

விண்டோஸ் அந்த டிஸ்க்கைத் தொடுவதே இல்லை, அதனால்தான். கேபிளில் போவது கோரிக்கைகள் மட்டும்: இந்த ஃபைலைத் திற, இத்தனாவது பைட்டிலிருந்து இவ்வளவு கொடு. லினக்ஸ் தன் டிஸ்க்கைத் தன் வழியில் படித்துப் பதில் அனுப்பும். மளிகைக் கடையில் பருப்பு கேட்பவருக்குக் குடோனில் மூட்டையை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று எதற்கு? பென் டிரைவைக் கழற்றி மாட்டும்போதுதான் டிஸ்க் அமைப்பு குறுக்கே வரும். பென் டிரைவில் இருப்பது எஃப்ஏடி32 என்ற பழைய டிஸ்க் அமைப்பு என்றால், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜிபி அளவுள்ள ஒற்றை ஃபைல் ஏறாது.

கேட்டு வாங்கும் இந்த மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். ஐபிஎம்மில் பிறந்தது, மைக்ரோசாஃப்ட் வளர்த்தது. லினக்ஸ் பக்கம் அதைப் பேசும் மென்பொருள் சாம்பா. அது பேசக் கற்ற கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

1991 டிசம்பர். கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தார் சாம்பாவை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல். கையில் இந்த மொழியின் இலக்கணம் இல்லை. மொழியின் பெயர்கூட அப்போது தெரியாது. இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவிட்டு, கேபிளில் ஓடுவதை ஒட்டுக்கேட்டார். ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு நாள் உட்கார்ந்தால் தெலுங்கும் கன்னடமும் காதில் ஏறுமே, அப்படித்தான்.

ஆனால் யாரும் பேசாத சொல்லைக் கேட்க முடியாதே? அதற்கும் சாம்பாக்காரர்கள் வழி கண்டார்கள். அன்றைய எஸ்எம்பியில் கட்டளை என்பது ஒரு பைட். ஆக, 256 எண்களுக்குமேல் இருக்க வழியில்லை. ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்ப்பது. "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று வந்தால் விட்டுவிடலாம். "நீ கொடுத்த விவரம் தப்பு" என்று வந்தால், ஆகா, சொல் இருக்கிறது! இனி விவரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அனுப்பினால், ஒவ்வொரு பிழைச் செய்தியும் அடுத்த துப்பு. திட்டு வாங்கியே பாஷை படிப்பது!

பெயர் வைத்ததிலும் இதே குறும்புதான்: எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடவிட்டு, சாம்பாவைப் பொறுக்கியெடுத்தார் டிரிட்ஜெல். நம் கல்லூரிகளில் இப்படி நோண்டும் மாணவனிடம் முதலில் கேட்கப்படுவது "இதுக்கு எத்தனை மார்க்?". ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இந்த மாதிரி நோண்டலுக்கும் போகலாம் என்பது என் கட்சி.

சரி, கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. 2017-இல் வான்னாக்ரை வைரஸ் பரவியது, விண்டோஸின் பழைய எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாக. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு கம்ப்யூட்டரில் இருந்துவிட்டுப் போகட்டும். எஸ்எம்பி1 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அக்கா மகனிடம் சொல்லி அணைத்துவிடுங்கள்.