டெம்ப் ஃபோல்டரின் வாலில் ஓர் எண்

பலர் தொலைவிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் லாகின் செய்து, கமாண்ட் பிராம்ப்டில் 'செட் டெம்ப்' என்று தட்டிப் பாருங்கள். சி டிரைவ், யூசர்ஸ், பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப் என்று, தற்காலிகக் கோப்புகள் விழும் ஃபோல்டருக்கு வீட்டுக் கணினியில் பார்த்த பாதைதான் வரும். ஆனால் அதன் வாலில் 3 என்றோ 17 என்றோ ஓர் எண் ஒட்டியிருக்கும். அது செஷன் எண், அதாவது லாகினிலிருந்து லாக்ஆஃப் வரையிலான உங்கள் அமர்வின் எண். 'குவெரி செஷன்' என்று தட்டினால், உங்கள் பெயருக்கு நேரே அதே எண் நிற்கும்.

நிர்வாகி வேறு ஏற்பாடு செய்திருந்தால் ஒரே பயனர் இரண்டு செஷன்களில் இருக்கலாம். இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடி, ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு எழுதினால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். அதைத் தடுக்கவே செஷனுக்கு ஒரு தனி ஃபோல்டர். லாக்ஆஃப் ஆனதும் அந்த எண்ணுள்ள ஃபோல்டர் உள்ளடக்கத்தோடு அழியும். செஷன் இருக்கும் வரைதான் அதற்கு ஆயுள். டெம்ப் தொடர்பான புகார்களில் பெரும்பாலானவை இந்த ஆயுட்கணக்கை யாரோ மறந்ததால் வருபவை.

இந்த ஏற்பாட்டை மாற்றும் இடம் குரூப் பாலிசி, அதாவது விண்டோஸ் கணினிகளுக்கு நிர்வாகி விதி வகுக்கும் இடம். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்று இறங்கினால் 'டெம்பரரி ஃபோல்டர்ஸ்' என்ற கிளை வரும். உள்ளே இரண்டே அமைப்புகள். ஒன்று, வெளியேறும்போது டெம்ப் ஃபோல்டரை 'அழிக்காதே'. மற்றது, செஷனுக்கு ஒரு ஃபோல்டர் 'பயன்படுத்தாதே'. இரண்டுமே எதிர்மறை வாசகங்கள் என்பதால், 'எனேபிள்' செய்தால் வசதி நின்றுபோகும். 'டிசேபிள்' செய்தால் ஓடும். இப்படி எழுதியவரை மன்னிப்பது கடினம். கை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். செஷன் ஃபோல்டர்களை நிறுத்திவிட்டால் அழிக்கும் அமைப்புக்கு வேலையே இல்லை. எண் இல்லாத மூல டெம்ப் ஃபோல்டரை அது தொடாது. மாற்றம் புதிய லாகினில்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் செஷன் பழைய பாதையையே பிடித்திருக்கும்.

இனி கோளாறுகள். பயனர்களில் பலர் வேலை முடிந்ததும் ஜன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கிவிட்டுப் போவார்கள். அது லாக்ஆஃப் அல்ல, டிஸ்கனெக்ட். செஷன் சர்வரில் உயிரோடு இருக்கும், டெம்ப் ஃபோல்டரும் இருக்கும். இப்படி ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கும் செஷனில்தான் விண்டோஸ் சர்வர் 2019 நிர்வாகிகள் பலரைக் குழப்பிய சிக்கல் வந்தது. டாஸ்க் ஷெட்யூலரில், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டிஸ்க்கிளீனப் என்ற கிளையில் 'சைலன்ட்கிளீனப்' என்று ஒரு வேலை இருக்கிறது. ஏழு நாள் தொடப்படாத தற்காலிகப் பொருட்களை அது துடைக்கும். செஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல், எண்ணுள்ள ஃபோல்டரையும் சேர்த்தே துடைத்துவிடும். பயனர் திரும்பி வந்து எதையாவது திறந்தால், எழுத இடமில்லாமல் மென்பொருள் ஏதேதோ பிழை காட்டும்: இன்ஸ்டாலர் தொடங்காது, மின்னஞ்சலின் இணைப்புக் கோப்பு திறக்காது. டிஸ்க்கில் இடம் நிறைய இருப்பதால் யாருக்கும் டெம்ப் மேல் சந்தேகம் வராது.

உடனடி மருந்து எளிது: பாதையில் தெரியும் அதே எண்ணில் ஃபோல்டரைக் கையால் உருவாக்கினால் போதும். நிரந்தரத் தீர்வுக்கு, மேலே சொன்ன அதே பாலிசிக் கிளையில் 'செஷன் டைம் லிமிட்ஸ்' பகுதிக்குப் போய், டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்குக் கால எல்லை வையுங்கள். அலுவலகச் சர்வருக்கு 8 மணி நேரம் நியாயமான அளவு. எல்லை தாண்டினால் செஷன் முடிக்கப்படும், சேமிக்காத வேலையும் போய்விடும். இதைப் பயனர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கால எல்லை வைக்க முடியாத இடத்தில் சைலன்ட்கிளீனப் வேலையை நிறுத்தலாம்.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு விபத்து உண்டு. பாதி ஓடி, ரீஸ்டார்ட் கேட்டு, பிறகு மீதியைத் தொடரும் இன்ஸ்டாலர், தன் கோப்புகளை நிர்வாகியின் செஷன் டெம்பில் வைத்திருந்தால், லாக்ஆஃப் ஆனதும் அவை காணாமல் போகும். இன்ஸ்டால் கோப்பை முதலிலேயே ஒரு சாதாரண ஃபோல்டரில் விரித்து அங்கிருந்து ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. டெம்பில் திறந்த மின்னஞ்சல் இணைப்பைத் திருத்தி அங்கேயே சேமித்தவரின் கதியும் இதேதான்.

அப்படியானால் அழிப்பதையே நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் குப்பை சேரும். சேர்ந்தால் இடம் போவது மட்டுமல்ல. விண்டோஸில் தற்காலிகக் கோப்புக்குப் பெயர் கொடுக்கும் பழைய ஃபங்ஷன், முன்னொட்டுக்குப் பின் நான்கு ஹெக்ஸ் (பதினாறடிமான) இலக்கங்களை ஒட்டுகிறது. அதனால் ஒரு ஃபோல்டரில் ஒரே முன்னொட்டோடு 65,535 பெயர்கள்தான் சாத்தியம். தன் குப்பையைத் தானே அள்ளாத ஒரு மென்பொருள் அத்தனையையும் தீர்த்துவிட்டால், அடுத்த முயற்சியில் 'கோப்பு ஏற்கெனவே உள்ளது' என்று பிழை வரும். அதைப் படிப்பவர் எந்தக் கோப்பு என்று தேடித்தேடி அலைவார்.

சி டிரைவ் சிறியதென்றால் டெம்பை டி டிரைவுக்கு மாற்றுவது நல்ல யோசனை. ஒருவர் டெம்பை நிரப்பி சி டிரைவ் நிறைந்தால் எல்லோருக்கும் தொல்லை. அச்சுக்குக் காத்திருக்கும் பிரிண்ட் ஸ்பூல் கோப்புகளும் இயல்பாக சி டிரைவில்தான் எழுதப்படுகின்றன. குரூப் பாலிசி பிரிஃபரன்சஸில் என்விரான்மென்ட் பகுதியில் டெம்ப் பாதையைச் சொல்லும் டெம்ப், டிஎம்பி என்ற இரண்டு மாறிகளையும் மாற்ற வேண்டும். டெம்பை மட்டும் மாற்றினால் பயன் குறைவு. டெம்ப் பாதையைக் கேட்கும் விண்டோஸ் ஃபங்ஷன் முதலில் பார்ப்பது டிஎம்பியைத்தான். மாறி ஃபோல்டரை உருவாக்காது என்பதால், பயனர் பெயரில் துணை ஃபோல்டர் உருவாக்கும் பிரிஃபரன்ஸையும் சேர்க்க வேண்டும். அதன் 'காமன்' தாவலில், லாகின் செய்தவரின் உரிமையில் இயங்கும்படி டிக் செய்யுங்கள். இல்லையென்றால் சிஸ்டம் கணக்கு அதை உருவாக்கி, உரிமையாளராக அதுவே நிற்கும். பயனரால் தன் டெம்பிலேயே எழுத முடியாமல் போகும்.

இந்தத் துணை ஃபோல்டர்களுக்கு மேலுள்ள ஃபோல்டரின் பர்மிஷனில், டிரைவிலிருந்து தானாக இறங்கும் மரபுரிமையை வெட்டிவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டுக்கும் முழு உரிமை. யூசர்ஸ் குழுவுக்கு 'இந்த ஃபோல்டர் மட்டும்' என்ற எல்லையில் நுழைவதற்கும் ஃபோல்டர் உருவாக்குவதற்கும் உரிமை. கிரியேட்டர் ஓனருக்கு, அதாவது ஃபோல்டரை உருவாக்கியவருக்கு, உள்ஃபோல்டர்களிலும் கோப்புகளிலும் முழு உரிமை. இப்படி வைத்தால் ஒருவர் டெம்பை மற்றவர் எட்டிப்பார்க்க முடியாது. ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜர் இருந்தால், துணை ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் தானாக 2 ஜிபி கோட்டா (இட உச்சவரம்பு) விழச் செய்யலாம். ஆப்டேட்டாவிலிருந்து நிரல் ஓடாதபடி விதி வைத்திருப்பவர்கள் புதிய பாதைக்கும் அதே விதியை நீட்ட மறக்கக் கூடாது. மறந்தால் டி டிரைவில் ஒரு திறந்த கதவு.

புரொஃபைலை, அதாவது பயனரின் அமைப்புகளும் கோப்புகளும் உள்ள ஃபோல்டரை, தனி விர்ச்சுவல் டிஸ்க்கில் வைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. யூசர் புரொஃபைல் டிஸ்க்கில் டெம்பும் உள்ளேயே போகும். அதன் இயல்பு அளவு 20 ஜிபி. உள்ளே அழித்தாலும் வளர்ந்த டிஸ்க் கோப்பு தானாகச் சுருங்காது. ஆகவே டெம்பை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் மற்றொரு கருவியான எஃப்எஸ்லாஜிக்ஸ், இயல்பாகவே டெம்பைச் சர்வரின் சொந்த டிரைவுக்குத் திருப்பிவிடுகிறது. யூசர்ஸ் ஃபோல்டரில் 'லோக்கல்' என்று தொடங்கிப் பயனர் பெயரோடு முடியும் ஃபோல்டர் தெரிந்தால் அது இதன் வேலைதான். லாகினில் இருப்பவருடையதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.