ஒரு சொல் மாறினால் வலி மாறுமா?

மாத்திரைக்கு மசியாத முதுகுவலிக்கு இசையும் ஹிப்னாடிசமும் கைகொடுக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வலியை அடியோடு போக்காது, தணிக்கும்.

வலிச் சேதி நரம்பு வழியாகத் தண்டுவடம், தலாமஸ் (மூளையின் நடுவே உணர்வுச் சேதிகளைக் கைமாற்றிவிடும் பகுதி), பெருமூளை என்று ஏறுவது பள்ளிப் பாடம். ஆனால், எவ்வளவு வலிக்கிறது என்பதும், அந்த வலி நம்மை எவ்வளவு படுத்துகிறது என்பதும் மூளைக்கு வெவ்வேறு.

1997-இல் வலி ஆய்வாளர் பியர் ரெய்ன்வில்லும் கனடாவின் மான்ட்ரியல் குழுவினரும் இதைப் பிரித்தே காட்டினார்கள். ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களின் கையை 47 டிகிரி வெந்நீரில் வைத்து, தொல்லை கூடுவதாக ஒருமுறை, குறைவதாக இன்னொருமுறை சொல்லி, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். தொடுவுணர்வுப் புறணி (தொடுதலை உணரும் மூளையின் மேலடுக்குப் பகுதி) அசையவில்லை. வலியின் தொல்லையோடு தொடர்புடைய முன் சிங்குலேட் புறணிதான் சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கியது. 2001-இல் வெளியான அடுத்த ஆய்வில் தொல்லையை விட்டுவிட்டு வலியின் அளவைப் பற்றிப் பேசினார்கள். இப்போது தொடுவுணர்வுப் புறணியில் மாற்றம்! சூடு என்னவோ அதே சூடுதான்.

இசைக்கு வேலை எளிது: கவனத்தைப் பிடித்துவைத்து மூச்சை நிதானமாக்குவது. பிரான்சில் உருவான ஒரு முறையில் சுமார் 20 நிமிட இசை, நிமிடத்துக்கு 80 தட்டுகளில் தொடங்கி 40 வரை இறங்கி, முடிவில் மெல்ல ஏறும். எடுத்த எடுப்பிலேயே மந்தமான இசையைப் போட்டால், வலியில் தவிப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று பட்டியல் விற்பவர்களை நம்பாதீர்கள்.

இசை தணியும் கட்டத்தில் கருத்தேற்றம், அதாவது ஹிப்னாடிசத்தில் சொற்களால் மனதில் ஓர் எண்ணத்தைப் பதிப்பது, தொடங்கும். "வலி இல்லை" என்று சொன்னால் மனம் வலியைத்தான் தேடிப் போகும். "இடுப்பில் குளிர்ச்சி பரவுகிறது, அந்த இடம் மரத்துவருகிறது" என்பது பலிக்கும். முதல் சில அமர்வுகளைப் பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ நடத்த, பிறகு ஒலிப்பதிவை வைத்து வீட்டில் தினமும் பழகலாம். எல்லோருக்கும் ஒரே அளவு பலிக்காது. ஹிப்னாடிசத்துக்கு வசப்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்தச் சிகிச்சை முறைக்குக் காப்புரிமை வாங்கி விற்க முடியாது என்பதால் பெரிய சோதனைகளுக்குப் பணம் போட ஆளில்லை என்பது என் ஆதங்கம்.

காரணம் தெரியாத புது வலியை இப்படி அமுக்கக் கூடாது. மனச்சிதைவு உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வண்டி ஓட்டும்போது அந்த ஒலிப்பதிவைப் போடவே போடாதீர்கள்.