கோப்பு கிடைத்தது, தேதிதான் காலை வாரியது

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ள அபாய வரைபடம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். நிலப் பயன்பாட்டுத் தரவு தேவைப்பட்டது. தேசியப் புவிசார் தரவுப் பட்டியல் ஒன்றில் தேடினேன். இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. தேதி 2016 என்று போட்டிருந்தது. சரி, போதும் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வார வேலைக்குப் பிறகு களத்துக்குப் போனால், வரைபடத்தில் வயலாக இருந்த இடத்தில் மாடிக் கட்டடங்கள். புதுக் கட்டடங்கள்கூட இல்லை, சுவரெல்லாம் பாசி படிந்திருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது: 2016 என்பது கோப்பை வெளியிட்ட ஆண்டு. அதற்கு அடிப்படையான செயற்கைக்கோள் படம் அதைவிடப் பத்து வருடம் பழையது.

இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் வரைபடத்தை வைத்திருப்பதில்லை. எந்தத் துறையிடம் என்ன இருக்கிறது என்ற மெட்டாடேட்டாவை, அதாவது தரவைப் பற்றிய விவரக் குறிப்பை, மட்டும் திரட்டி வைத்திருக்கும். ஒரே சாலையை நான்கு துறைகள் நான்கு முறை அளந்து பணத்தைக் கரைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். அமெரிக்காவில் 1994-இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12906-ஆம் எண் ஆணை, புதிய புவிசார் தரவுகளை ஆவணப்படுத்தும்படி கூட்டரசுத் துறைகளுக்குச் சொன்னது. இதே நோக்கத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்ஸ்பயர் சட்டம் 2007-இல் வந்தது.

சட்டம் போட்டாலும் மெட்டாடேட்டா படிவத்தை நிரப்புவது நம்மைப் போன்ற ஆட்கள்தானே! புவிசார் மெட்டாடேட்டாவுக்கான ஐஎஸ்ஓ 19115 என்ற பன்னாட்டுத் தரநிலையில் உருவாக்கிய தேதி, வெளியிட்ட தேதி, திருத்திய தேதி எல்லாம் தனித்தனி. தரவு எந்தக் காலத்து நிலத்தைக் காட்டுகிறது என்பதற்கு வேறு ஒரு இடமும் உண்டு. கட்டாயம் இல்லையென்றால் பலரும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

தரவு எந்தப் பரப்புக்குரியது என்று காட்டும் எல்லைப் பெட்டியும் அப்படித்தான். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கே எண்கள். சோம்பலில் நாடு முழுவதற்குமான எண்களைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு சிற்றூரின் கிணற்றுக் கணக்கெடுப்பு, நாட்டின் எந்த மூலையில் தேடினாலும் வந்து நிற்கும்.

ஆயத்தொலை முறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்க எந்த முறையைக் கையாண்டோம் என்பதை, எழுதாமல் விடுவது இன்னும் மோசம். அப்படிப்பட்ட முறைகளில் ஒன்றான யூடிஎம் உலகை 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. மண்டல எண் இல்லையென்றால், அதே இரண்டு எண்கள் 60 மண்டலங்களிலும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்புகளை அனுப்பும்போது, ஆயத்தொலை முறையைச் சொல்லும் .பிஆர்ஜே கோப்பை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இப்போதெல்லாம் நான் தரவை முடித்த அன்றே மெட்டாடேட்டாவை எழுதிவிடுகிறேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் எனக்கே மறந்துவிடும். முதலில் எழுதுவது தரவின் பூர்வீகம்: எந்தப் படம், எந்த மாதம், யார் அதைப் பார்த்துக் கணினியில் வரைந்து எண்ணிலக்கமாக்கினார்கள், எவ்வளவு பிழை. தொடர்பு முகவரியாக என் சொந்த மின்னஞ்சலைக் கொடுப்பதில்லை, பிரிவுக்குரிய பொது முகவரிதான். நான் இடம் மாறினாலும் கேள்வி கேட்பவருக்கு யாராவது பதில் சொல்வார்கள்.