சேவ் மோட் எதைச் சேமிக்கிறது? காரின் மோட்களுக்குத் தமிழில் பெயர் தேடி

"சேவ் மோட்ல போட்டா பெற்றோல் மிச்சம்தானே?" பெற்றோலிலும், வீட்டில் குத்திச் சார்ஜ் ஏற்றுகிற பட்டரியிலும் ஓடுகிற பிளக்-இன் ஹைபிரிட் கார் புதிதாக வாங்கிய ஆட்கள் மட்டக்களப்பில் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். இல்லை. பெற்றோல்தான் எரியும், மிச்சம் பிடிக்கப்படுவது பட்டரி. பட்டனுக்கு வைத்த பெயரே ஆளைக் குழப்புகிறது, அதனால் பெயரில் இருந்தே தொடங்குவோம்.

மோட் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன் மோடுஸ். முதலில் அளவு என்று பொருள், பிறகு வழிவகை என்றானது. மொடல், மொடர்ன் எல்லாம் அதே வேரில் முளைத்தவைதான். ஓ.எல் கணிதத்தில் இடை, இடையம், ஆகாரம் என்று படித்தோமே, அந்த ஆகாரமும் இதே மோட்தான். (அதற்காகக் காரில் "மின் ஆகாரம்" என்று யாரும் எழுதிவிட வேண்டாம், சாப்பாட்டுக் கடை என்று நினைப்பார்கள்.) மோடுஸுக்குப் பிறந்த மொடியூலஸைப் பௌதிகத்தில் மட்டு என்கிறோம். தமிழில் மட்டு என்றாலும் அளவுதான், மட்டுநகர்க்காரருக்கு இது கேட்க இனிக்கும்.

காருக்கு நிலை, பாங்கு, முறை என்று பல சொற்கள் ஓடுகின்றன. நிலை எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் நிலை என்பது தானாக அமைவது, பட்டரி நிறைந்த நிலை, இஞ்சின் சூடான நிலை என்கிற மாதிரி. சாரதி பார்த்துத் தெரிவு செய்வது முறை. நம் நாட்டில் வாகனம் "செலுத்துவது" என்றுதான் எழுதுகிறோம், ஆகவே டிரைவ் மோட் என்றால் செலுத்தல் முறை, சரி.

ஹைபிரிட் இன்னும் சுவையான சொல். வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைத்தான் லத்தீன்காரர் அப்படி அழைத்தார்கள். பத்திரிகைகளில் கலப்பின வாகனம் என்று வருகிறது. இனம் என்பது நெல்லுக்கும் மாட்டுக்கும் பொருந்தும், காருக்கு வெறும் கலப்பு போதாதா? இஞ்சினும் மோட்டரும் கலந்து ஓடுவது கலப்பு வாகனம், பிளக்கைப் பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் செருகி என்பதால் பிளக்-இன் ஹைபிரிட் செருகு கலப்பு வாகனம். 1997இல் ஜப்பானில் வந்த பிரியஸுக்குச் செருகி கிடையாது, தன் பட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும். 2013இல் வந்த மிட்சுபிசி அவுட்லாண்டருக்குச் செருகி உண்டு, பட்டரியும் 12 யூனிட் கொள்ளும், அதாவது வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான்.

அந்த அவுட்லாண்டரில் சேவ், சார்ஜ் என்று பட்டன்கள் இருக்கும். வேறு கம்பனிக் கார்களில் பெயர் மாறும், வேலை ஏறக்குறைய இதேதான்.

ஒன்றையும் அழுத்தாமல் விட்டால் பட்டரியில் சார்ஜ் இருக்கும் வரை பெரும்பாலும் மோட்டரிலேயே போகும், அதற்கு மின் முறை என்றாலே விளங்கும். மட்டக்களப்பில் இருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரைக்கும் 40 கிலோமீட்டர் அளவு, ஏற்றமே இல்லாத கரையோர வீதி, நின்று நின்று போகிற சந்தைச் சந்திகள், மின் முறைக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

சேவ் என்பதை "சேமிப்பு முறை" என்று பெயர்த்தால் பழைய குழப்பம் தமிழிலும் வந்து உட்காரும். மின்காப்பு என்றும் சொல்ல ஏலாது, அது வயருக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறையின் வேலை. பட்டரி பேணல் என்பது என் தெரிவு. அழுத்திய நேரத்தில் பட்டரி எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டத்திலேயே கார் அதை வைத்துக்கொள்ளும், செலவெல்லாம் பெற்றோல் தலையில். பிறகு எதற்கு அது? செங்கலடியில் ஏறி மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒரே வேகத்தில் நீளமாக ஓடும்போது பெற்றோல் இஞ்சின் நன்றாகவே வேலை செய்யும், அது திணறுவது கண்டி நகர நெரிசலில் ஊரும்போதுதான். ஆகவே திறந்த வீதியில் பேணல், நெரிசலில் மின் முறை.

சார்ஜ் பட்டனுக்கு ஓடுமின்னேற்றம் என்று வைக்கலாம். இஞ்சினே ஜெனரேட்டராகிப் பட்டரியை நிரப்பும். இதை அடிக்கடி அழுத்துவது வீண்செலவு, ஏனென்றால் பெற்றோலின் சக்தியில் பெரும் பங்கு ஏற்கெனவே சூடாகப் போய்விடுகிறது, எஞ்சியதும் மின்சாரமாகி, பட்டரிக்குள் போய், திரும்பி மோட்டருக்கு வரும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொட்டுப்படும். வீட்டில் செருகியைக் குத்தினால் வேலை முடிந்தது.

இகோ, ஸ்போர்ட் என்பவையும் மோட் என்ற பெயரிலேயே திரிகின்றன. அவை பெற்றோலா பட்டரியா என்று தீர்மானிப்பவை அல்ல, பெரும்பாலும் மிதிக்கிற மிதிக்குக் கார் எவ்வளவு துள்ள வேண்டும், ஏசி எவ்வளவு இழுக்கலாம் என்பதுதான்.

மறுகா, கியரில் இருக்கிற பி என்ற எழுத்து. இறக்கத்தில் மோட்டரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பட்டரிக்கு அனுப்பும், இதை மீளாக்கத் தடுப்பு என்பார்கள். அவுட்லாண்டரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பால் பி0 முதல் பி5 வரை கூட்டிக் குறைக்கலாம். கண்டியில் இருந்து திரும்பும்போது, மகியங்கனைப் பக்கம் இறங்குகிற 18 வளைவு என்ற மலைப்பாதையில் கால் பிறேக்கைப் போட்டுத் தேய்க்காமல் இதைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பட்டரி முட்ட நிறைந்திருந்தால் மீளாக்கத்துக்கு இடம் இருக்காது, பிடிப்பும் குறைந்துவிடும். கண்டியிலேயே செருகி நிரப்பிவிட்டு, அல்லது வழியெல்லாம் சார்ஜை அழுத்திக்கொண்டு அந்த இறக்கத்துக்கு வந்து சேராதீர்கள். கொஞ்சம் வெறுமையாக வந்தால் ஹசலகப் பக்கம் இறங்கி முடிக்கிறபோது, முன்னால் உள்ள சமவெளியில் சில கிலோமீட்டராவது பெற்றோல் இல்லாமல் ஓட பட்டரியில் ஏதாவது ஏறியிருக்கும்.