நீல சாக்பீஸ் ஏன் மிஞ்சுகிறது?

கலர் சாக்பீஸ் பெட்டியில் மஞ்சள்தான் முதலில் தீரும். நீலமும் ஊதாவும் ஆண்டு இறுதி வரை முழுசாகக் கிடக்கும். ஆசிரியர்கள் யாரும் கண்ணின் அமைப்பைப் படித்துவிட்டு இப்படிச் செய்வதில்லை. நீலத்தில் எழுதினால் "சார், தெரியல" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும், அவ்வளவுதான். அந்தக் குரலுக்குக் காரணம் விழித்திரையில் இருக்கிறது.

எழுத்தை வாசிக்கும்போது கண் முதலில் தேடுவது வெளிச்ச வேறுபாட்டை. எழுத்து எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, பின்னணி எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம். இந்த வெளிச்சக் கணக்கில் எல்லா நிறத்துக்கும் சம பங்கு கிடையாது. கணினித் திரையில் தெரியும் வெள்ளையை எடுத்துக்கொள்வோம். அதில் நம் கண் உணரும் வெளிச்சத்தில் சுமார் 72 சதவீதம் பச்சையிலிருந்து வருகிறது, 21 சதவீதம் சிவப்பிலிருந்து. நீலத்தின் பங்கு வெறும் 7. பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் திரையில் மஞ்சள். ஆக, மஞ்சளுக்கு வெள்ளையின் வெளிச்சத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கிடைத்துவிடுகிறது.

நீலத்துக்கு இன்னொரு பாதகமும் உண்டு. நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. நீலத்துக்கான வகை அவற்றில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. உற்றுப் பார்க்கும்போது பிம்பம் விழும் நட்ட நடுப்புள்ளியில் அந்த வகை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நீல வானத்தைப் பார்க்க இது பெரிய குறையில்லை. கரும்பலகையில் 'ன'வா 'ண'வா என்று பிரித்துப் பார்க்க வேண்டியவனுக்குத்தான் சிரமம்.

வெள்ளை சார்ட்டுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். இணையப் பக்கங்களுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும். கறுப்பின் மேல் தூய மஞ்சளுக்கு இது 19.6, தூய நீலத்துக்கு 2.4. வெள்ளையின் மேல் நீலத்துக்கு 8.6. மஞ்சளுக்கோ 1.07, அதாவது எழுதியும் எழுதாதது போலத்தான். சாக்பீஸுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் இதே எண்கள் வராது, ஆனால் வரிசை மாறாது. சந்தேகமாக இருந்தால் போர்டையோ சார்ட்டையோ மொபைலில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்த எழுத்து மங்குகிறதோ அது கடைசி பெஞ்சிலும் மங்கும்.

சாக்பீஸின் சங்கதி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிலர் சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதுவார்கள். எழுதும்போது கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று இருக்கும். காய்ந்ததும் பளிச்சென்று எழும்பும். சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம் தூள். தூளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் சிதறித் திரும்பி வருகிறது, வெண்மை கிடைக்கிறது. காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைந்து, பின்னாலிருக்கும் கறுப்பு தெரிகிறது. தண்ணீர் ஆவியானதும் மறுபடி வெண்மை. ஈரமாக எழுதும்போது தூள் பலகையில் அடர்த்தியாகப் படிவதால், காய்ந்த கோடு வழக்கத்தைவிட அழுத்தமாகவும் இருக்கும். படம் வரைய அருமையான வழி. அழிக்க மட்டும் ஈரத்துணி தேவைப்படும்.

சரி, கண்ணுக்குத் தெரிகிறது. மனதில் நிற்க வேண்டுமே? வல்லினம் மிகும் இடங்களை நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'அந்தப் பையனைப் பார்க்கச் சென்றேன்' என்று வெள்ளையில் எழுதி, இரண்டு 'ப்', ஒரு 'ச்' ஆகிய மூன்றை மட்டும் மஞ்சளில் எழுதினால், மாணவர்கள் தேட வேண்டியதே இல்லை. வாக்கியத்தைப் படிப்பதற்கு முன்பே கண் அங்கே போய் நிற்கும். ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே நிறத்தால் வேறுபட்ட ஒன்று எவ்வளவு கூட்டமிருந்தாலும் உடனே கண்ணில் படும் என்பதை உளவியலாளர் ஆன் ட்ரீஸ்மன் 1980இல் கோட்பாடாக விளக்கினார். தனித்து நிற்பது நினைவிலும் கூடுதலாகத் தங்கும் என்று ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இலேயே எழுதியிருக்கிறார்.

இதே வாக்கியத்தில் பெயர்ச்சொல் சிவப்பு, வினை பச்சை, வேற்றுமை உருபு ஆரஞ்சு, மிகும் எழுத்து மஞ்சள் என்று எழுதினால்? போர்டு அழகாக இருக்கும். மஞ்சளுக்கு இருந்த வேலை போய்விடும். பார்வைக்கு வரும் அதிகாரிக்குப் பிடிக்கும் போர்டும் பையனுக்குப் புரியும் போர்டும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பாடத்துக்கு வெள்ளையோடு இன்னும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு நிறம் போதும் என்பது என் கட்சி.

அதற்காகப் பல நிறம் எப்போதும் தப்பு என்றும் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் மாறாத ஒரு பொருள் இருந்தால் பத்து நிறமும் தாங்கும். பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் கூசனேர் கணக்குக்காக உருவாக்கிய மரக்குச்சிகள் அப்படிப்பட்டவை. ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை பத்து நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நிறங்களை அவர் கண்டபடி பூசவில்லை. 2 சிவப்பு, 4 ஊதா, 8 பழுப்பு என்று இரட்டிப்பாகும் எண்கள் சிவப்புக் குடும்பம். 5 மஞ்சள், 10 ஆரஞ்சு. எதோடும் சேராத 7 கறுப்பு. இரண்டு சிவப்புக் குச்சியை வரிசையாக வைத்தால் ஓர் ஊதாவின் நீளம் வருவதைக் குழந்தை கையால் கண்டுபிடிக்கும். இந்த ஒழுங்கு வகுப்பிலும் வேண்டும். இன்று சிவப்பில் எழுதியது முக்கியக் குறிப்பு, நாளை சிவப்பில் எழுதுவது தப்பான விடை என்றால் குழப்பம்தான்.

சுவர் அலங்காரத்தைப் பற்றியும் கொஞ்சம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையிலும் வெறும் சுவர் அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. அலங்கார அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 சதவீதம், வெறும் அறையில் 28.4. தேர்வில் சரியான விடைகள் முறையே 42, 55 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதை நம்பி எல்லாச் சார்ட்டையும் கிழித்தெறிய வேண்டாம். போர்டைச் சுற்றியிருக்கும் சுவரைக் காலியாக விட்டு, சார்ட்டுகளைப் பின்சுவருக்கு மாற்றலாம்.

கடைசியாக, நிறக்குருடு. அணுக்கொள்கை ஜான் டால்டனைப் பாடப்புத்தகத்தில் எல்லோருக்கும் தெரியும். சிறுவயதிலிருந்தே பள்ளியில் பாடம் நடத்தியவர். தன் கண் மற்றவர்கள் கண்ணைப் போல இல்லை என்பது அவருக்கே 26 வயதில்தான், அதுவும் ஒரு பூவைப் பகலிலும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் பார்த்தபோதுதான் உறைத்தது. அவருக்கே அப்படியென்றால் எட்டு வயதுப் பையன் எங்கே வந்து சொல்லப்போகிறான்? சிவப்பு பச்சை பேதம் தெரியாத குறை ஐரோப்பிய ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு உண்டு. இந்தியாவில் விகிதம் அதைவிடக் குறைவு. ஆனாலும் நாற்பது பையன்கள் உட்காரும் வகுப்பில் ஒருவனாவது இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. பெண்களுக்கு இது மிக அரிது.

செடியில் நீரைக் கடத்தும் சைலத்தைச் சிவப்பிலும் உணவைக் கடத்தும் புளோயத்தைப் பச்சையிலும் வரைந்துவிட்டு "சிவப்பில் இருப்பதைச் சொல்" என்று கேட்டால் அவன் விழிப்பான். படிக்கவில்லை என்று நினைத்துவிடுவோம். ஒன்றுக்குக் கோடுகள், இன்னொன்றுக்குப் புள்ளிகள் போட்டு, பக்கத்தில் பெயரையும் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. படம் வரையும் பீரியடில் கிரேயானைச் சுற்றியிருக்கும் தாளைப் பிள்ளைகள் முதல் வாரமே உரித்துவிடுவார்கள். நிறத்தின் பெயர் அதில்தான் இருக்கிறது. பெட்டியில் ஒவ்வொரு கிரேயானுக்கும் உரிய இடத்தில் பெயரை எழுதி ஒட்டிவைக்கலாம்.